தினமும் அதே பாறையில் விழுகிறேன்!

கேள்வி: வணக்கம். நான் சுவிஸில் பேர்ணில் இருக்கிறேன். வயது 47. இங்கு வந்து 25 வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆனால் ஒரு நாளும் காலில் ஸ்கீ (பனிச்சறுக்குப் பலகை) கட்டியதில்லை. குளிர்காலம் என்றால் எனக்கு வேலையும் வீடும்தான். போன மாசியில் மகன் (14 வயது) பள்ளிக்கூடத்தோடு ஸ்கீலாகருக்கு (ஸ்கீ முகாமுக்கு) போன கிழமை வீடு வெறிச்சோடிக் கிடந்தது. அவன் விளையாடும் ஸ்கீ பந்தய கேமை ஹோல் டிவியில் போட்டுப் பார்த்தேன், பிடித்துவிட்டது. இப்போது இரவுச் சமையல் முடிந்தபின் அரை மணித்தியாலமாவது விளையாடாமல் படுப்பதில்லை. அதில் லவுபர்ஹோர்ன் (இங்கே வெங்கனில் நடக்கும் பெரிய ஸ்கீ பந்தயம்) பாதைதான் எனக்கு விருப்பம். ஆனால் ஹுண்ட்ஸ்கொஃப் தாவலில் பத்துத் தரத்தில் ஏழு தரம் விழுகிறேன். விழாமல் கீழே போய்ச் சேர்ந்தாலும் மகனை விட எட்டு செக்கன் பின்னால். அவன் தன் அறையில் கம்ப்யூட்டரில் விளையாடுவான். 'அம்மா, பிரேக் பிடிக்காதேங்கோ' என்கிறான். பிடிக்காவிட்டால் இன்னும் மோசம். இருபது நிமிடத்துக்கு மேல் விளையாடினால் தலை சுற்றி வயிற்றைப் பிரட்டுகிறது. 'பனியில் நடக்கவே பயப்படுகிற ஆள்' என்று கணவர் சிரிக்கிறார். வயதுதான் காரணமா? இது நன்றாக வந்தால் உண்மையான ஸ்கீயும் வருமா?

பதில்:

அன்புள்ள பேர்ண் வாசகிக்கு,

வயது காரணம் இல்லை. பதினான்கு வயதுப் பையனின் விரல் உங்கள் விரலை விடக் கொஞ்சம் வேகமாகத்தான் இருக்கும். ஆனால் டவுன்ஹில் (மலையிலிருந்து வேகமாகச் சறுக்கி இறங்குவது) என்பது திடீரென்று எதுவும் நடக்காத பந்தயம். குறுக்கே ஆட்டோ வராது, மாடு வராது. நேற்று இருந்த கேட் (கடந்து போக வேண்டிய கம்பங்கள்) இன்றும் அதே இடத்தில் நிற்கும். விரல் வேகத்தை விட, அடுத்து என்ன வருகிறது என்ற ஞாபகம்தான் இங்கே ஜெயிக்கும். வீட்டில் எந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்று இருட்டிலும் தெரிந்த உங்களுக்கு ஞாபகம் ஒரு பிரச்சினையாக இருக்காது.

என் வேலையைப் பற்றி ஒரு வரி. பதினான்கு வருடமாக மொபைல் பந்தய விளையாட்டுகளில் 'ஹேண்ட்லிங்' அமைக்கிறேன். கட்டைவிரலால் தள்ளும் ஸ்டிக்கை எவ்வளவு தள்ளினால் எவ்வளவு திரும்ப வேண்டும், எப்போது வழுக்க வேண்டும் என்பதை எண்களாக்குவதுதான் எனக்குச் சோறு போடுகிறது. பெரும்பாலும் கார், பைக். ஒரே ஒரு முறை ஸ்கீ விளையாட்டு ஒன்றில் எட்டு மாதம் உழைத்தேன். அது வெளியே வரவில்லை. அந்த எட்டு மாதத்தில் கற்றதுதான் இந்தப் பதிலில் பாதி. நீங்கள் விளையாடுவது எந்த கேம் என்று எழுதவில்லை, அதனால் பட்டன் பெயர்களுக்குள் போகாமல் எல்லாவற்றுக்கும் பொதுவானதைச் சொல்கிறேன்.

விழுவதைப் பற்றி வெட்கப்பட வேண்டாம். நீங்கள் தேர்ந்தெடுத்திருக்கும் மலையில் பல இடங்களுக்குப் பெயரே விழுந்தவர்களை வைத்துத்தான். ஹுண்ட்ஸ்கொஃபைத் தாண்டியதும் வருகிற மின்ஷ்கான்டே, 1965இல் அங்கே விழுந்த யோஸ் மின்ஷின் பெயர். அதற்கடுத்த கனேடியன் கார்னர், 1976இல் கென் ரீட், டேவ் இர்வின் என்ற இரண்டு கனடாக்காரர்கள் அளவுக்கு மீறித் துணிந்து விழுந்த வளைவு. கீழே ஆஸ்டர்ரைஷர்லோக், அதாவது ஆஸ்திரியர் பள்ளம். 1954இல் ஆஸ்திரியர்கள் பலர் அங்கே வரிசையாகச் சரிந்தார்கள், டோனி சைலர் உட்பட. அதே சைலர்தான் இரண்டு வருடம் கழித்து ஒரே ஒலிம்பிக்கில் மூன்று தங்கம் வாங்கினார். கெர்னன்-எஸ் வளைவு, 1997இல் புருனோ கெர்னன் விழுந்ததால் வந்த பெயர். அந்த வருடத்து டவுன்ஹில் உலகச் சாம்பியனே அவர்தான். 2003இல் லவுபர்ஹோர்ன் பந்தயத்தையும் ஜெயித்தார். ஆக, உங்கள் கணவர் சிரிக்கட்டும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் ஹுண்ட்ஸ்கொஃபில் விழுகிறீர்கள், ஆனால் தவறு ஹுண்ட்ஸ்கொஃபில் நடக்கவில்லை.

எங்கள் ஸ்கீ விளையாட்டைச் சோதிக்க வெளியாட்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தபோது எல்லோரும் ஒரே குறையைச் சொன்னார்கள். ஒரு குறிப்பிட்ட தாவலில் கண்ட்ரோல் வேலை செய்யவில்லை, காரணமில்லாமல் விழுகிறது என்று. நானும் நம்பி அந்தத் தாவலின் எண்களை ஒரு வாரம் மாற்றி மாற்றிப் பார்த்தேன். ஒன்றும் மாறவில்லை. பிறகு ஒரு நாள் சலித்துப்போய், விழுந்த ஓட்டங்களின் பதிவுகளை மட்டும் எடுத்து, விழுவதற்கு முந்தைய ஐந்து விநாடிகளை மெதுவாக ஓட்டினேன். எல்லோரும் ஒன்றையே செய்திருந்தார்கள். தாவலுக்கு முந்தைய வளைவைத் தாமதமாக ஆரம்பித்து, தாமதமாக முடித்து, விளிம்பை எட்டும்போது இன்னும் திரும்பிக்கொண்டே இருந்தார்கள். காலுக்கடியில் தரை போனதும் திருப்பம் பாதியில் நின்றுவிடும். உடம்பு ஒரு திசையில் பறக்கும், பலகை வேறொரு திசையைப் பார்க்கும். தரை இறங்கும்போது இரண்டுக்கும் இடையே கோணம் கொஞ்சம் கூடினால் போதும், கணக்கு 'விழு' என்று சொல்லிவிடும். அந்தக் கணக்கை எழுதியதே நான்தான். இருந்தும் எனக்கு ஒரு வாரம் பிடித்தது.

ஹுண்ட்ஸ்கொஃப் பெயருக்கு நாய்த்தலை என்று அர்த்தம் என உங்களுக்கே தெரிந்திருக்கும். பாறைகளுக்கு இடையே ஒடுங்கின வழி, அதன் விளிம்பில் ஒரு துள்ளல். நிஜ வீரர்களுக்கு அந்த இடத்தில் வேலை குறைவு. எந்தக் கோட்டில் பறக்க வேண்டும் என்பதை முந்தைய வளைவிலேயே முடிவு செய்துவிட்டுத்தான் வருவார்கள். நீங்களும் அப்படியே செய்யுங்கள். பாறை கண்ணில் பட்டதும் திருப்ப ஆரம்பிக்காதீர்கள். பாறை கண்ணில் படும்போது திருப்பம் முடிந்து, ஸ்டிக் நடுவுக்கு வந்திருக்க வேண்டும். விளிம்பைத் தாண்டுகிற அந்த நொடியில் உங்கள் கட்டைவிரல் சும்மா இருக்க வேண்டும். பறக்கும்போதும் சும்மா இருக்க வேண்டும். காற்றில் திசையைச் சரிசெய்யும் ஆசை எல்லோருக்கும் வரும். அந்த ஆசைதான் பத்தில் ஏழு தரம் உங்களை விழுத்துகிறது.

இப்போது பிரேக். மகன் சொல்வது பாதி சரி. அவன் பிரேக் பிடிப்பதே இல்லை என்று அவன் நினைக்கிறான். அவனுடைய ரீப்ளேயைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், ஹுண்ட்ஸ்கொஃபுக்கு முன்னால் கட்டாயம் எங்கோ வேகத்தைக் குறைத்திருப்பான். நேர்க்கோட்டில், வளைவுக்கு வெகு முன்னால், ஒரே ஒரு முறை. நீங்கள் வளைவுக்குள் நுழைந்தபின் பயந்துபோய்ப் பிடிக்கிறீர்கள். மலைப்பாதையில் பஸ் ஓட்டும் டிரைவர் ஊசி வளைவுக்கு முன்னாலேயே கியரைக் குறைத்துவிட்டு, வளைவுக்குள் மெதுவாக ஆக்ஸிலேட்டரை மிதிப்பார். வளைவுக்கு நடுவில் பிரேக்கை மிதிக்கிறவர் பக்கத்தில் உட்கார எனக்குத் தைரியம் கிடையாது. பஸ்ஸைச் சும்மா இழுக்கவில்லை. ஆண்கள் டவுன்ஹில் ஸ்கீ பலகை குறைந்தது 218 செ.மீ. நீளம் இருக்க வேண்டும். அதன் பக்கவாட்டு வளைவு, 50 மீட்டர் ஆரமுள்ள வட்டத்துக்காக வெட்டப்பட்டது. இது ஸ்கூட்டர் இல்லை. படக்கென்று திருப்பினால் திரும்பாது, வழுக்கும்.

உங்கள் எட்டு செக்கனில் பெரும் பகுதி இந்த வழுக்கலில்தான் போகிறது என்று பந்தயம் கட்டுவேன். பிரேக் பட்டனையே தொடாமல் நீங்கள் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

உள்ளே நடப்பது இதுதான். ஸ்டிக்கைக் கொஞ்சம் தள்ளினால் பலகை சாய்ந்து விளிம்பால் பனியைக் கீறுகிறது, தண்டவாளத்தில் போவது போல் அந்தக் கீறலிலேயே வளைந்து போகிறது. வேகம் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். ஒரு எல்லைக்கு மேல் தள்ளினால் விளிம்பு பிடியை விட்டுவிடும். பலகை பக்கவாட்டில் பனியைச் சுரண்டும். நீங்கள் போகும் திசைக்கும் பலகை பார்க்கும் திசைக்கும் நடுவே உள்ள கோணம் பெரிதாகப் பெரிதாக, ஒவ்வொரு நொடியும் வேகத்தைக் கழிக்கச் சொல்லி நிரலில் எழுதியிருப்போம். நிஜப் பனியிலும் அதேதான். புதிதாக விளையாடுகிறவர்கள் எல்லோரும் ஸ்டிக்கை முழுசாகத் தள்ளுகிறார்கள். கார் ஸ்டியரிங்கை எடுத்த எடுப்பில் முழுச் சுற்றுச் சுற்றுவது போல.

வழுக்குகிறோமா இல்லையா என்பதைத் திரையைப் பார்த்துக் கண்டுபிடிப்பதை விடக் காதால் கண்டுபிடிப்பது சுலபம். நல்ல ஸ்கீ விளையாட்டு எல்லாவற்றிலும் இரண்டு சத்தம் இருக்கும். விளிம்பு கீறினால் துணியைக் கத்தரியால் ஒரே இழுப்பில் வெட்டுவது போல மெல்லிய 'ஸ்ஸ்ஸ்'. வழுக்கினால் தேங்காய் துருவுவது போல 'கர்ர்ர்'. துருவும் சத்தம் கேட்டால் காசு போகிறது என்று அர்த்தம். நாளை இரவு ஒரு ஓட்டம், நேரத்தைப் பற்றிக் கவலையே படாமல், துருவும் சத்தம் வராமல் இறங்கிப் பாருங்கள். பாதி வளைவுகளில் கேட்டைத் தவறவிடுவீர்கள், பரவாயில்லை. ஏன் தவறவிட்டோம் என்று பார்த்தால் எல்லா இடத்திலும் ஒரே பதில்தான் வரும்: இன்னும் முன்னால் ஆரம்பித்திருக்க வேண்டும். கேட்டை எட்டும்போது திருப்பத்தில் பாதிக்கு மேல் முடிந்திருக்க வேண்டும். கேட்டுக்குக் கீழே திரும்புகிறவர்கள் மலையோடு சண்டை போடுகிறார்கள். இதற்கு ஒரே வழி, கண் எப்போதும் அடுத்த கேட்டில் இருப்பது. கிட்டத்தில் இருக்கும் கேட்டைப் பார்த்துக்கொண்டே போனால் அதன் மேலேயே போய் மோதுவோம். ஏன் என்று கேட்காதீர்கள், கார் விளையாட்டிலும் பைக்கிலும் இதையே பார்த்திருக்கிறேன். கை, கண் போகிற இடத்துக்குப் போகிறது.

கெர்னன்-எஸ் வளைவை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நீங்கள் அங்கே விழுவதில்லை, அதனால் அது பிரச்சினை என்று தோன்றியிருக்காது. இந்தப் பாதை முழுவதிலும் அதிக நேரம் போகக்கூடிய இடம் அதுதான். ஒடுக்கமான எஸ் வடிவம், வேகம் மிகவும் குறைந்துபோகும் இடம். அது முடிந்ததும், ரயில் பாலத்துக்கு அடியில் போகும் வாஸர்ஸ்டேஷன் பக்கம் சரிவு தணிந்துவிடுகிறது. சரிவு குறைந்த இடத்தில் மலை உங்களைத் தள்ளாது. எஸ் வளைவிலிருந்து எந்த வேகத்தோடு வெளியே வந்தீர்களோ அதை வைத்துத்தான் பிழைக்க வேண்டும். வெளியே வரும் வேகம் மணிக்கு 5 கி.மீ. குறைவு என்று வையுங்கள். அடுத்த பத்து விநாடியில் கிட்டத்தட்ட 14 மீட்டர் பின்தங்கிவிடுவீர்கள், இத்தனைக்கும் அந்தப் பத்து விநாடியில் நீங்கள் ஒரு தப்பும் செய்திருக்க மாட்டீர்கள். அங்கே மெதுவாக நுழைந்து வேகமாக வெளியேறுங்கள். வெளியே வந்ததும் குனிந்து உடம்பைச் சுருட்டி உட்கார்ந்துவிடுங்கள், அடுத்த திருப்பம் வரை எழும்பாதீர்கள். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும் என்பதால், எழும்பி நிற்பது ஸ்கீயில் மிகவும் செலவான காரியம். ஹானெக்ஷுஸ் என்ற நேர்ச்சரிவில் 2013இல் பிரான்ஸின் யோஹான் கிளாரே மணிக்கு 161.9 கி.மீ. போனார். அந்த வேகத்தில் கைகளை விரித்தால் கதவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடுவது போலத்தான்.

இனி உங்களுக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்கிறேன். ரீஸ்டார்ட் பட்டனை விட்டுவிடுங்கள்.

ஹுண்ட்ஸ்கொஃபில் விழுந்ததும் மறுபடி மேலேயிருந்து ஆரம்பிக்கிறீர்கள், இல்லையா? லவுபர்ஹோர்ன் கிட்டத்தட்ட 4.5 கி.மீ. நீளம், உலகக் கோப்பைப் பந்தயங்களிலேயே நீளமானது, வீரர்களுக்கே இரண்டரை நிமிடம் பிடிக்கும். ஹுண்ட்ஸ்கொஃப் முதல் நிமிடத்துக்குள்ளேயே வந்துவிடும். ஒரு மாதமாக நீங்கள் அந்தத் தொடக்கத்தைத்தான் நூற்றுக்கணக்கான தடவை ஓட்டியிருக்கிறீர்கள். மீதி ஒன்றரை நிமிடம் உங்களுக்கு அந்நிய ஊர். கடைசியில் வரும் ஸீல்-எஸ் வளைவை நீங்கள் எட்டும்போது, நிஜ வீரர்களுக்குத் தொடை எரிவது போல உங்களுக்குக் கவனம் தேய்ந்திருக்கும், பாதையும் பழக்கமில்லை. அங்கே இரண்டு செக்கன் போகாமல் என்ன செய்யும்? இனி விழுந்தாலும் எழுந்து கீழே போய்ச் சேருங்கள். கேம் விழுந்த இடத்திலிருந்து தொடர விடாவிட்டால், பயிற்சிப் பகுதியில் பாதியிலிருந்து தொடங்க வழி இருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் இல்லையென்றால் ஹுண்ட்ஸ்கொஃபை மட்டும் வெட்கமில்லாமல் மெதுவாகத் தாண்டிவிட்டு, மீதியைப் படியுங்கள்.

நிஜ வீரர்களுக்கு ரீஸ்டார்ட் கிடையாது. பந்தயத்துக்கு முன் விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் பயிற்சி ஓட்டம். அதனால் ஓட்டத்துக்கு முன் பாதையோரமாகப் பக்கவாட்டில் சறுக்கி இறங்கி, ஒவ்வொரு கேட்டிலும் நின்று பார்த்து மனப்பாடம் செய்வார்கள். டிவியில் கவனித்திருப்பீர்கள், கிளம்புவதற்கு முன் கண்ணை மூடிக்கொண்டு கையை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டு நிற்பார்கள். மனதுக்குள் முழுப் பாதையையும் ஓட்டிப் பார்க்கிறார்கள். நீங்கள் இதை அடுப்படியில் செய்யலாம். வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். 'நீள வலது... இப்ப விடு... சும்மா இரு, பற... குனி...' என்று. உங்கள் சொற்களிலேயே இருக்கட்டும். எந்த இடத்தில் அடுத்து என்ன வரும் என்று சொல்லத் தெரியாமல் நிற்கிறீர்களோ, திரையிலும் அங்கேதான் நேரம் போகும்.

மகனின் கோஸ்ட்டோடு ஓட வேண்டாம். அதாவது, அவன் ஓட்டத்தை நிழல் போலக் காட்டும் அந்த உருவம். எட்டு செக்கன் என்றால் அந்த வேகத்தில் கிட்டத்தட்ட கால் கிலோமீட்டர். முதல் இரண்டு வளைவுக்குள் மறைந்துவிடும், அதற்குப் பிறகு பதற்றம் மட்டும்தான் மிச்சம். உங்கள் நேற்றைய ஓட்டத்தை நிழலாக வையுங்கள். மகனுடையதைக் கண்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு ரீப்ளேயாகப் பாருங்கள். அவனையே பக்கத்தில் உட்கார வைத்துப் பார்த்தால் இன்னும் நல்லது. பதினான்கு வயதில் அம்மாவுக்கு ஒன்று சொல்லிக்கொடுக்கக் கிடைத்தால் எந்தப் பையனும் வேண்டாம் என்று சொல்ல மாட்டான்.

அப்புறம், கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு விஷயம் எனக்குப் பெரிதாகப் பட்டது. அவன் அறையில் கம்ப்யூட்டர், உங்களுக்கு ஹோல் டிவி. டிவிக்கள் படத்தை அழகாக்குவதற்காக ஒவ்வொரு காட்சியையும் கொஞ்ச நேரம் பிடித்து வைத்து மெருகேற்றித்தான் காட்டும். சினிமாவுக்கு அது நல்லது. விளையாட்டில், நீங்கள் ஸ்டிக்கைத் தள்ளியதற்கும் திரையில் அது தெரிவதற்கும் நடுவே தாமதம் விழும். ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்தால்கூட, மணிக்கு 120 கி.மீ. வேகத்தில் அது 3 மீட்டருக்கு மேல். தாமதம் ஒரே சீராக இருந்தால் மூளை பழகிக்கொள்ளும், அதனால் எட்டு செக்கனையும் அதன் தலையில் கட்ட முடியாது. ஆனால் 'தள்ளினேன், திரும்பவில்லையே' என்று இன்னும் கொஞ்சம் தள்ளுகிறீர்களே, அந்த முழு ஸ்டிக் பழக்கம் இதிலிருந்து வந்திருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. டிவியின் படச் செட்டிங்குகளில் 'கேம் மோட்' என்று ஒன்று இருக்கும். அதைப் போடுங்கள். படம் கொஞ்சம் வெளிறித் தெரியும், பழகிவிடும். இரவில் யாரையும் எழுப்பக்கூடாது என்று ப்ளூடூத் ஹெட்ஃபோன் போடுகிறீர்களா? அதிலும் சத்தம் தாமதமாக வரும், நான் மேலே சொன்ன துருவும் சத்தம் வளைவு முடிந்தபின் கேட்டால் பயனில்லை. வயர் வைத்த ஹெட்ஃபோன் போதும். கண்ட்ரோலர் செட்டிங்கில் சென்சிட்டிவிட்டியை இரண்டு படி குறைத்தும் பாருங்கள்.

தலைசுற்றல். நான் டாக்டர் இல்லை, ஆனால் இது எங்கள் தொழிலில் தினசரிப் பேச்சு. கண் 'நூறு கிலோமீட்டர் வேகத்தில் இறங்குகிறோம்' என்கிறது, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு 'சோபாவில் உட்கார்ந்திருக்கிறோம்' என்கிறது. இந்தச் சண்டையில் வயிறு கெடுகிறது. காரில் புத்தகம் படித்தால் வருவதும் இதே வகைதான். வீரரின் கண்ணிலிருந்து பார்க்கும் கேமராவை விட்டு, முதுகுக்குப் பின்னால் இருந்து பார்க்கும் கேமராவுக்கு மாறுங்கள். 'கேமரா ஷேக்', 'மோஷன் ப்ளர்' இரண்டையும் அணைத்துவிடுங்கள், அவை அழகுக்கு மட்டும்தான். (எங்கள் விளையாட்டிலும் வைத்திருந்தேன், முதல் ஆளாக எனக்கே குமட்டியது.) லைட்டை எரியவிட்டு, டிவியிலிருந்து ஓரடி இன்னும் தள்ளி உட்காருங்கள். முக்கியமாக, 'இன்னும் ஒரு ஓட்டம்' என்று தாங்கிக்கொண்டு ஆடாதீர்கள். நெற்றியில் லேசாக வியர்க்கும்போதே வைத்துவிடுங்கள். வயிற்றைப் பிரட்டும் வரை போனால் மறுநாள் இன்னும் சீக்கிரம் வரும். பன்னிரண்டு, பதினைந்து நிமிடம், நாலைந்து முழு ஓட்டம், ஒரு இரவுக்கு அது தாராளம். கேம் ஆடாத நேரத்திலும் தலை சுற்றினால் அது வேறு கதை, உங்கள் வீட்டு டாக்டரிடம் போங்கள்.

கடைசிக் கேள்வி. நிஜ ஸ்கீ வருமா?

எதை வைத்துச் சொல்கிறேன் என்றால், ஸ்கீ விளையாட்டில் வேலை செய்த காலத்தில் 'பனியையே பார்க்காமல் இதைச் செய்கிறோமே' என்று குற்ற உணர்ச்சியாகி, காஷ்மீரில் இருக்கும் குல்மார்க் போய் மூன்று மணி நேரம் வகுப்பு எடுத்தேன். எண்களில் எல்லாம் தெரிந்தவன் நான். பலகையை மாட்டி நின்ற இடத்திலேயே, நகராமலேயே விழுந்தேன். பயிற்சியாளர் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்று: பலகைகளின் நுனிகளைச் சேர், குதிகாலை விரி, நில். மூன்று மணி நேரமும் நிற்பதற்கே போனது. மாலையில் எனக்குக் கிடைத்த ஒரே உபயோகம், அவர் என்னைக் கூட்டிக்கொண்டு இறங்கும்போது அடுத்த திருப்பம் எங்கே என்று முன்கூட்டியே பார்க்கும் பழக்கம் ஏற்கெனவே இருந்ததுதான். கண் தயாராக இருந்தது, முழங்கால் தயாராக இல்லை.

உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும். கட்டைவிரலுக்குத் தெரிந்தது காலுக்குத் தெரியாது. கேமில் ஹுண்ட்ஸ்கொஃபைத் தாண்டிய தைரியத்தில் சரிவில் ஏறிவிடாதீர்கள். ஆனால் விருப்பம் இருந்தால் அடுத்த குளிர்காலத்தில், குழந்தைகள் பழகுகிற தட்டையான இடத்தில், பலகையை வாடகைக்கு எடுத்து, பெரியவர்களுக்கான தொடக்க வகுப்பில் ஒரு அரை நாள் போய்ப் பாருங்கள். 47 அதற்கு அதிகம் இல்லை. 25 வருடமாக அந்த மலைகளைப் பஸ் ஜன்னலிலிருந்து மட்டும் பார்த்திருக்கிறீர்கள் என்பது உங்கள் கடிதத்தில் எனக்குக் கேட்டது.

அதற்கு முன்னால் இன்னொன்று. உங்கள் பேர்ணிலிருந்து வெங்கன் ரயிலில் ஒரு பகல் பயணத்துக்குள் அடங்கும் தூரம். இன்டர்லாக்கன், லவுட்டர்புருன்னன் வழியாகப் போக வேண்டும். ஆடியில், பனி உருகிய பிறகு போனால் அந்தப் பந்தயப் பாதை வெறும் புல்வெளி. மகனையும் கணவரையும் கூட்டிக்கொண்டு ஹுண்ட்ஸ்கொஃப் பக்கம் நடந்து போய்க் கீழே எட்டிப் பாருங்கள். திரையில் சரிவு எப்போதும் நிஜத்தை விடத் தட்டையாகத் தெரியும். விளிம்பில் நின்று பார்த்தபின், பறக்கும்போது விரலை அசைக்கக் கூடாது என்று யாரும் உங்களுக்குச் சொல்ல வேண்டியிருக்காது. கணவரும் அங்கே எவ்வளவு சிரிக்கிறார் என்று பார்த்துவிடலாம்.

இரண்டு வாரம் கழித்துப் பாதையைப் பகுதி பகுதியாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் எவ்வளவு பின்னால் வருகிறீர்கள் என்று எழுதுங்கள். மொத்த நேரம் எனக்கு வேண்டாம். கெர்னன்-எஸ் வளைவிலிருந்து வாஸர்ஸ்டேஷன் வரை உள்ள இடைவெளியைத்தான் முதலில் பார்ப்பேன். அதுவரை டிவியில் கேம் மோடைப் போட்டுவிட்டு விளையாடுங்கள். மகனிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம்.